பேர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டுவது என் தொழில். கடைக்கு வரும் மோட்டாரை எடுத்தவுடன் பிரித்துப் போட மாட்டேன். முதலில் கரண்ட் கொடுத்து ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பேன். தேய்ந்த பேரிங்குக்கு ஒரு சத்தம், கிரீஸ் வற்றியதற்கு ஒரு சத்தம், தண்ணீர் புகுந்ததற்கு வேறொன்று. கோளாறு எங்கே என்று கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். என் மகளின் நெஞ்சுக்குள் விசில் கிளம்பியதை வீட்டில் முதலில் கேட்டதும் இந்தக் காதுதான்.

அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சை விடும்போதெல்லாம் மெல்லிய ஒரு கீச்சொலி. பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்தேன். டிவியை அணைத்தேன், ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் போகவில்லை. அவளோ தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது கேட்கவே இல்லை.

கோவையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். வீசிங் என்றார். தூசி ஆகாது, புகை ஆகவே ஆகாது என்றார். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புகை எங்கள் ஊரில் தேடிப் போக வேண்டிய பொருள் இல்லை.

பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பாகத் தெரியும் ஊர் எங்களுடையது. தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓட்டை நாங்கள் தொட்டி என்போம். அந்தத் தொட்டியைக் குழியில் கொட்டி எரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி. அந்தக் கரியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவது தண்ணீரையும் காற்றையும் சுத்தம் பண்ணத்தான் என்று சொல்வார்கள். அவர்கள் காற்று சுத்தமாக எங்கள் காற்று கருக வேண்டுமாம். இதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். குழிகள் இருந்தது மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டினவுடன்.

பனிக்காலத்தில் அந்தப் புகை மேலே போகாது, தரையோடு படுத்துக்கொள்ளும். ஒரு நாள் காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். மைதானத்தில் பிரேயர் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் கால்களைக் காணவில்லை. பெரிய பிள்ளைகள் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தார்கள். முன்வரிசைக் குட்டிப் பிள்ளைகளுக்குத் தலை மட்டும். வரிசையாகத் தலைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடின. நடுவில் எங்கோ ஒரு இருமல் கேட்டது, பிறகு பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, அப்படியே வரிசையோடு நடந்துபோய்க் கடைசிப் பிள்ளையிடம் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. என் மகள் குள்ளம் என்பதால் முன்வரிசை. அவள் தலையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னோடு கேட்டில் நின்ற மற்றப் பெற்றோரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே வேப்ப மரத்தடியில் பேசி, ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, மறுநாளே கிளம்பி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆலை வெக்கறதுக்கு விதி இருக்குதுங்க. ஆனா இந்தத் தொழிலுக்கு இஸ்கூல்ல இருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்கோணும்னு தனியா ஒண்ணும் இல்லீங்க. இல்லாத சட்டத்தை வெச்சு நான் என்னத்தைங்க மூடறது?"

நான் கொஞ்சம் கோபக்காரன். சட்டம் இல்லையென்றால் போட வைக்கிறோம் என்று மேசையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன். வெளியே வந்தபின்தான் சட்டம் எங்கே, எப்படிப் போடுகிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. விசாரித்தோம். சட்டமன்றத்தில் மக்கள் மனுக்களைக் கேட்கிற குழு ஒன்று இருக்கிறது, அது மாவட்டங்களுக்கு வரும், கோவைக்கும் வரும் என்றார்கள். பள்ளிக்கும் பால்வாடிக்கும் பக்கத்தில் கரிக்குழி கூடாது என்று சட்டம் வேண்டும் என எழுதினோம். குரூப்பில் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா இருந்தார். அவர் இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார்.

"என்ற பையனுக்கு இழுக்கறப்ப நான் லீவு போட்டா சம்பளம் புடிக்கறாங்க. போடலீன்னா அவன் ஒத்தையில கெடக்கறான். புள்ளைக்கு முடியாத அன்னைக்கு அப்பனோ ஆத்தாளோ கூட இருக்கறதுக்கும் ஒரு சட்டம் கேளுங்க."

அதையும் எழுதினோம். எழுதும்போது அந்தப் பையன் தனியாகக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடப்பது கண் முன்னால் வந்துவிட்டது.

பள்ளி வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குழிகளுக்குச் சொந்தக்காரரான கரி ஆலைக்காரர் புல்லட்டில் வந்து இறங்கினார். என் மனைவிக்குத் தூரத்து உறவில் அண்ணன், எனக்கு மச்சான் முறை. அவர் பையனும் என் மகளின் வகுப்புதான். பின்னால் அவர் மனைவியும் இறங்கினார். சண்டைக்கு வருகிறார் என்று நான் சட்டைக் கையை மடித்தேன்.

"ஏனுங்க மாப்ள, ஊர்ல எல்லார்த்துகிட்டயும் கையெழுத்து வாங்குனீங்களாம். நாங்க என்ன வேத்தாளுங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே," என்றார்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டவனிடம் கேட்கும் அதே மனத்தாங்கல். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மச்சான்," என்றேன். "நீங்க எழுதுனா தப்பா இருக்குமுங்களா? குடுங்க பேனாவை," என்று வாங்கிப் போட்டார். கீழே அவர் மனைவி போட்டார். இரண்டு பேருக்கும் அழகான கையெழுத்து.

எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அதைப்போல ஒரு மனிதனைக் கட்டிப்போடுவது வேறெதுவும் இல்லை. அவர் கையெழுத்து இருக்கும் மனுவில் அவர் ஆலையின் பேரை எப்படி எழுதுவது? 'சில தொழிற்கூடங்கள்' என்று மாற்றினோம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதும் நாசூக்காகப் போய்விட்டது. கடைசியில் அந்த மனுவைப் படித்தால் யாருக்கு என்ன கஷ்டம் என்று எழுதிய எனக்கே விளங்கவில்லை.

அந்த மாசி மாதத்தில் மகளுக்கு மிகவும் மோசமானது. உதடு நீலமாகிவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோது அவள் என் காதருகே விட்ட மூச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தாராபுரம் பக்கத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கேயே பள்ளியிலும் சேர்த்தோம். அமராவதிக் காற்றில் ஒரு வாரத்திலேயே பிள்ளை தேறினாள். குழி மூடினால் அவள் வீட்டுக்கு வரலாம், மூடாவிட்டால் வரவே முடியாது. எங்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

குழு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் தாய்மார்கள் வேறொரு இடத்தில் மனுக் கொடுக்க முடிவெடுத்துவிட்டார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதி கேட்பவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். காய்ந்த மிளகாயை அங்கே இருக்கும் கல்லில் அரைத்து, நீதிக்கல்லில் அப்பி, யார் தங்களுக்குக் கெடுதல் செய்தார்களோ அவர்களைச் சொல்லி அம்மனிடம் விட்டுவிட்டு வருவது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வேன் ஏற்பாடு பண்ணியது மட்டும் நான்.

குரூப்பில் செய்தி போட்டால், கையெழுத்துப் போட்ட அன்றே நாங்கள் சேர்த்துவிட்ட மச்சானின் மனைவி உட்பட எல்லோருக்கும்தானே போகும். வேன் புறப்படுகிற நேரத்துக்கு மச்சானின் மனைவி கையில் மஞ்சள் பையோடு வந்து ஏறினார். பைக்குள் மிளகாய். "சித்த நவுந்துக்கங்க அம்மணி," என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கோயிலில் நாங்கள் ஆண்கள் ஒதுங்கி நின்றோம். பெண்கள் கற்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். என் மனைவி மற்றவர்களிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"பேர் சொல்ல வேண்டாங்க. ஒறவு, கூடவே உக்காந்திருக்காங்க. 'யார் காரணமோ அவங்களை நீயே பாத்துக்க தாயே'ன்னு மட்டும் சொல்லிக்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விலாசம் எழுதாத தபாலைப் பெட்டியில் போடுகிறோம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அரைக்க ஆரம்பித்தார்கள். காரம் காற்றில் ஏறி எங்கள் பக்கமெல்லாம் தும்மல். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுக அரைத்தார்கள். மச்சானின் மனைவி மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. மற்றவர்கள் பூசிவிட்டு எழுந்த பிறகும் அவர் அரைத்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த என் மனைவிக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது வேன் டிரைவர் இருமினார். எல்லோரும் சட்டென்று அவரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "என்னங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றோம். அவர் வாரத்தில் சில நாள் கரி ஆலைக்கு மூட்டை ஏற்றுகிறவர் என்று பிறகு ஒருவர் என் காதில் சொன்னார்.

அதற்கப்புறம் ஊரில் இருமல் வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. முதலில் தேங்காய் உடைத்துக் காயப்போட்டுத் தொட்டியை விற்கிற களத்துக்காரருக்கு. பிறகு குழி வெட்ட நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு. பிறகு ஆலைக்குக் கணக்கெழுதும் பையனின் அம்மாவுக்கு. எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் மிளகாய் அரைத்தவர்கள். கல்யாண மண்டபத்தில் யாராவது இருமினால் பந்தியில் கை நின்றுவிடும். இருமியவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அவரவர் தனக்கும் அந்தக் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தோம். யோசிக்க யோசிக்கச் சம்பந்தமில்லாதவர் ஊரிலேயே இல்லை என்றாகிவிட்டது. கரியை அணைக்கத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் யார் என்று எனக்கும் தெரியும்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மகளின் அறையைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கீச்சொலி. மூச்சு விடுகிற இடைவெளியில், விட்டு விட்டு. அவள் கட்டிலில் போர்வை மடித்தபடி இருந்தது.

ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன். வீடு முழுக்க அமைதியானபின் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. தாராபுரத்துக்குப் போன் போட்டேன். மகள் வந்து பேசினாள், கிணற்று மேட்டில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். மூச்சு கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. போனை வைத்தேன். அறைக்குள் விசில் மட்டும் நிற்கவில்லை.

பயந்தவன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வான். பைக்கிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கட்டில் சட்டத்தில் வைத்துக் கேட்டேன். விசில் கேட்டது. சுவரில் வைத்தேன், கேட்டது. அவள் துணி அலமாரியில், ஜன்னல் கம்பியில், தரையில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அதே சத்தம், அதே அளவு. கிட்டப் போனால் கூடவில்லை, எட்டப் போனால் குறையவில்லை. என் இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு கோளாறைக் கேட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே போட்டுவிட்டு, சாப்பிடாமல் கடைக்கு ஓடிவிட்டேன். கடையில் ஓடுகிற மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, அதனால் பொழுது சாய்கிறவரை எல்லா மோட்டாரையும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மூன்று நாள் மறைத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை அந்த அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, "கேக்குதா?" என்றேன்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. கிட்டே வந்து என் மார்பில் காதை வைத்தாள்.

"ஏனுங்க, அது உங்ககிட்ட இருந்துதானுங்க வருது."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கட்டிலிலும் சுவரிலும் வைத்துக் கேட்டதெல்லாம் என் நெஞ்சைத்தான். எவன் வீட்டு மோட்டாரிலும் கோளாறு கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் நெஞ்சு தெரியவில்லை. சிரிப்புக்கூட வந்தது. ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள்:

"நீங்க என்னங்க பண்ணுனீங்க?"

பத்து வருடம் கூட வாழ்ந்தவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. யார் காரணமோ அவர்களைப் பார்த்துக்கொள் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், அம்மன் அவள் வீட்டுக்கே வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள். "புகை எல்லாரு மூக்குலயும்தான் போகுது, எனக்கு மட்டும் என்ன வேற மூக்கா?" என்று கத்தினேன். கத்தியதில் இன்னும் இழுத்தது. அப்புறம் தணிந்து, அந்த மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். அவள் மகளின் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். டாக்டர் எனக்குக் கொடுத்தது மகள் வைத்திருந்த அதே நீல நிற இன்ஹேலர். அம்மனா புகையா என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. பேச எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

வைகாசியில் குழு கோவைக்கு வந்தது. கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் எங்களை வரச் சொன்னார்கள். இருபது பெற்றோருக்கு மேல் போனோம். மச்சானும் அவர் மனைவியும் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து எங்கள் வரிசையிலேயே, கடைசியில் உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் பேச்சு என்று குரூப்பில் முடிவாகியிருந்தது. மைக் முன்னால் போய் நின்றேன். ஏசி குளிர், மாடிப்படி ஏறிய களைப்பு, பயம். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் வந்தது.

அரங்கம் முழுக்க அந்த விசில். மேலே ஃபேனைப் பார்த்தார்கள், ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். நடுவில் இருந்த உறுப்பினர் ஊழியரைக் கூப்பிட்டு, "மைக்ல ஏதோ சத்தம் வருது, பாருப்பா," என்றார். ஊழியர் வந்து வயரை ஆட்டினார், வேறு மைக்கை மாற்றினார். புது மைக்கிலும் அதே சத்தம்.

"மைக் நல்லாத்தானுங்க இருக்குது," என்றேன். "இது நானுங்க. எங்கூர்ல புள்ளைங்க எல்லாம் இப்படித்தானுங்க மூச்சு விடறாங்க."

நான் சொல்ல வந்த இரண்டையும், பள்ளிக்குத் தூரமும் பெற்றோருக்கு லீவும், திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். உறுப்பினர் மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சில தொழிற்கூடங்கள்னு போட்டிருக்கீங்க. எந்த ஆலை? பேர் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றா சொல் என்றா தெரியவில்லை. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மகள் தாராபுரத்தில் இருக்கிறாள், என் நெஞ்சு இழுக்கிறது, அப்படியும் அந்தப் பேர் என் வாயில் வரவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடைசி வரிசையில் மச்சானின் மனைவி எழுந்து நின்றார்.

"எங்க ஆலைதானுங்க," என்றார். ஆலையின் பேர், ஊர்ப் பேர், பள்ளியின் பேர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எங்க பையனுக்கும் ஆறு மாசமா இழுக்குதுங்க. வெளிய சொன்னா தொழில் போயிரும்னு கோயமுத்தூருக்கு ஒளிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டறனுங்க. நானும் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டவதானுங்க. மனசாரத்தான் போட்டேன்."

மச்சானின் புன்னகை அப்படியே இருந்தது, அதைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை. பிறகு கையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அரங்கை விட்டு வெளியே வந்தபோது என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அன்னைக்கு அங்க என்ன சொல்லி அரைச்சீங்க?" என்று கேட்டாள்.

"பேர் சொல்லித்தான் அரைச்சேன், அம்மணி. நீங்க எல்லாருஞ் சொல்லாம விட்டீங்க. யாராவது சொல்லோணுமில்ல?"

யார் பேரை என்று என் மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், அதுதான் பயம்.

பள்ளிக்கூடத் தூரம் பற்றியும் லீவு பற்றியும் அரசுக்குப் பரிந்துரை செய்வதாகக் குழு சொன்னது. எங்களுக்கு அன்று தலைகால் புரியவில்லை. எல்லோரும் ஹோட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். சட்டம் வர நாளாகும் என்றார் ஒருவர், நாளானால் என்ன என்றோம்.

ஆனி பிறந்ததும் மச்சான் ஒரு குலை இளநீரோடு வீட்டுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார், மரியாதை மட்டும் இளைக்கவில்லை.

"மாப்ள, சட்டம் வந்து சொல்றவரைக்கும் எதுக்குங்க காத்துக்கிட்டு. உங்க மனசெல்லாம் நோக நான் பொழைக்கோணுமா? குழியெல்லாம் மண்ணைப் போட்டு மூடிட்டேன். ஆலையை எடம் மாத்தியாச்சுங்க."

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "நெசமாவாங்ண்ணா?" என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மகளின் அறை ஜன்னலைத் திறக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"எங்கீங்க மச்சான் மாத்துனீங்க?"

"தாராபுரம் பக்கத்துலீங்க. தென்னையும் இருக்குது, தண்ணியும் இருக்குது. நல்ல எடம்." ஊர்ப் பேரைச் சொன்னார். என் மனைவியின் அக்கா வீட்டிலிருந்து வண்டியில் ஐந்து நிமிடம்.

"பக்கத்துல ஊடு வாசல் இருக்குதுங்களா?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு சின்ன இஸ்கூல் இருக்குது, அவ்வளவுதான். உங்க புள்ளை எங்கயோ சொந்தக்காரங்க ஊட்ல இருக்குதுன்னாங்களே, கூட்டிட்டு வந்துருங்க. இனி இங்க காத்துக்கு என்ன கொறை?"

மகள் அங்கேதான் இருக்கிறாள் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இளநீரைச் சீவி இருவருக்கும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

என் மனைவி குரூப்பில் எழுதினாள்: ஆலை போன இடத்திலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, சட்டம் வருகிறவரை நாம் விடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒவ்வொருவராகப் படித்தது தெரிந்தது. கும்பிடுகிற கைகள் வந்தன. "பாத்துக்கலாங்க" என்று ஒருவர் போட்டார். லீவுச் சட்டம் கேட்ட மில் அம்மா மட்டும், அப்போ லீவு விசயம் என்னாச்சுங்க என்று கேட்டார், அதற்கு யாரும் பதில் போடவில்லை. இரண்டு பேர் குரூப்பை விட்டு விலகினார்கள். பொழுது சாய்ந்தபின் மச்சானின் மனைவியிடமிருந்து ஒரே வரி வந்தது: "நான் வாரேனுங்க."

அந்த வாரமே ஒரு காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அக்கா ஊரின் எல்லையில், தோப்புக்கு நடுவில் அந்தப் புகை எனக்குத் தெரிந்தது. மேலே போகாமல் மரங்களோடு மரமாக நின்றது. அவளை அனுப்ப வந்த கூட்டாளிப் பிள்ளைகள் காரோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து கையசைத்தார்கள். அவள் பின்சீட்டில் முட்டிபோட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் புகை நம்மூர்ப் புகைதானுங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"அப்ப நான் நம்மூட்டுக்கு வந்துரலாம்."

"வந்துரலாம், அதுக்குத்தானே போறோம்."

பின்கண்ணாடியில் அந்தப் பிள்ளைகள் மறைகிறவரை கையசைத்தாள். அப்புறம் இருக்கையின் நடுவில் தலையை நீட்டிக் கேட்டாள்.

"அந்தப் புள்ளைங்க எல்லாம் எந்தப் பெரியம்மா ஊட்டுக்குப் போவாங்கப்பா?"

என் மனைவி திரும்பி அவளைப் பார்த்தாள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.